சத்தம் வருதா

"சத்தம் வருதா அண்ணே?"

மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி ஆய்வு மாணவி கேட்டாள்.

"நல்லா வருதும்மா," என்றார் தரகர், கொசுக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபடி.

அவள் கையில் கழன்றுபோன ஒயர் ஒன்று இருந்தது.

கீழே கிடந்த நாலைந்தில் அது எதனுடையது என்று தெரியாமல்தான் கேட்டிருந்தாள். இப்போது அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்தாள். ஒயர் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், கூண்டின் ஓரமாக ஏறி, ஒலிபெருக்கியில் முடிந்தது.

தரகரும் அதைப் பார்த்தார்.

இருபத்து மூன்று வருடமாக அந்த ஆய்வகத்தில் கொசு வளர்ப்பது அவர் வேலை. முட்டை பொரிக்கவைப்பது, கூட்டுப்புழுவிலேயே ஆண் பெண் பிரிப்பது, பிறகு எந்த ஆணை எந்தப் பெண்ணோடு விடச் சொல்கிறார்களோ அப்படி விடுவது. எத்தனை லட்சம் ஜோடி சேர்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் அவர் தரகர்.

ஆண் கொசு பெண்ணைக் கண்ணால் தேடுவதில்லை. அவளுடைய சிறகின் ரீங்காரம் அதற்குக் கேட்க வேண்டும். தலையிலிருக்கும் பஞ்சு மீசைதான் அதற்குக் காது. ஒலிபெருக்கியில் அந்த ரீங்காரத்தைப் போட்டாலே போதும், பெண்தான் வந்துவிட்டாள் என்று நம்பி மேலே விழுந்து மொய்க்கும்.

இன்றைக்குக் கூண்டில் இருந்தவை வேறு. காது கேட்பதற்கான மரபணு ஒன்றை மாணவி மூன்று வருடம் பாடுபட்டு எடுத்துவிட்ட ஆண்கள். மீசை அப்படியே இருந்தது. பறந்தன, சர்க்கரைத் தண்ணீர் குடித்தன. பெண்களோடு மூன்று நாள் ஒரே கூண்டில் இருந்தும் ஒன்றுகூடச் சேரவில்லை.

காது கேட்காததால்தான் சேரவில்லை என்று காட்டுவதற்காகத்தான் இந்தச் சோதனை.

காலையிலிருந்து இது ஐந்தாவது சுற்று. ஒவ்வொரு முறையும் அவள் "சத்தம் வருதா" என்று கேட்டாள், அவர் "வருது" என்றார். ஒரு கொசுவும் அசையவில்லை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அறையை ஈரமாக வைத்திருக்கும் இயந்திரம் போடுகிற இரைச்சலில் அவள் இருக்கும் இடத்துக்கு அந்த ரீங்காரம் எட்டாது. கூண்டில் காதை வைத்துச் சொல்வது அவர் பொறுப்பு.

மூன்றாவது சுற்று முடிந்ததும் அவள் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில்தான்.

ஒயர் எந்தச் சுற்றில் கழன்றதோ, யார் கண்டது.

தரகர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சத்தம் வருகிறதா என்பதை இதுவரை கொசுக்களே அவருக்குக் காட்டி வந்தன. நேற்று சாதாரண ஆண்களை வைத்துப் பார்த்தபோதுகூட, அவை மொய்த்ததைப் பார்த்துத்தான் "வருது" என்றார். அவள் தலையைத் தூக்கினால் கேட்பது அந்த ஒரே கேள்விதான் என்பதும் அவருக்குப் பழகியிருந்தது.

இந்தக் கூண்டுதான் அவரைக் கைவிட்டுவிட்டது.

மாணவி நோட்டை எடுத்தாள். காலையிலிருந்து எழுதியதை ஒவ்வொரு வரியாக அடித்தாள். ஏதாவது சொல்வாள், இரண்டு வார்த்தை திட்டினாலும் தேவலை என்று நினைத்தார். அவள் நோட்டை மூடிவிட்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். உதட்டை நிதானமாக அசைத்தாள்.

"எத்தனை நாளா அண்ணே?"

இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு வருடம். முதலில் இடது காது, ஆறே மாதத்தில் வலதும். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்தான், எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றிருந்தார்.

"வீட்ல யாருக்கும் தெரியாதா?"

வீட்டில் யார் இருக்கிறார்கள். மனைவி போய் ஆறு வருடமாகிறது. ஒரே மகள், கடல் தாண்டி வாழ்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். அவள் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போலத்தான் அவருக்கு எட்டும். அது ஓடும்வரை சும்மா இருப்பார். நின்றதும் வாய்க்கு வந்த ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லிவைப்பார். எப்படியோ பொருந்திவிடும். அப்பா முன்னைப் போலக் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்கிறார் என்று மகளுக்குப் பெருமைகூட.

"தப்பு என்னோடதும்மா," என்றார் தரகர். "அஞ்சு சுத்தையும் நானே கூட இருந்து திரும்பப் பண்ணித் தர்றேன். அதுக்கு முன்னாடி எம் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுத் தரணும். அவ என்ன சொல்றாள்னு நீங்க கேட்டு எழுதிக் காட்டணும்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். காலையில் வேலைக்கு வரும் வழியில் பேருந்தில் பார்த்த செய்தி, மாப்பிள்ளை அனுப்பியிருந்தது, இன்னும் திறந்தபடியே இருந்தது.

மாணவி படித்தாள்.

'மாமா, ஞாயித்துக்கிழமையிலிருந்து அவ யார்கிட்டயும் பேசல. குழந்தை வயித்துலயே போயிடுச்சுன்னு அழுதுக்கிட்டே சொன்னவகிட்ட, ரொம்ப சந்தோஷம்மா, உங்கம்மா ஜாடைதான் இருக்கும் பாருன்னு ஏன் சொன்னீங்க?'