மாமியாருக்கு ஒரு எம்ப்ராய்டரி பெட்டி

மாமியாரின் வாய்க்கு ஓய்வு கொடுக்கத்தான் மருமகள் அந்த எம்ப்ராய்டரி பெட்டியைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள். அவள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கும் பேச்சு, தூங்கப் போகும்வரை ஓயாது.

மறுநாளே கைமேல் பலன். சாயங்காலமானால் மாமியாரின் அறை உள்பக்கம் தாழிட்டிருக்கும். தட்டினாலும் சத்தம் வராது. மாமனாரையும் காணோம், நடக்கப் போயிருப்பார் என்று விட்டுவிட்டாள். வீட்டில் அப்படியொரு நிம்மதி.

மூன்று மாதம் கழித்து மாமியார் ஒரு தலையணை உறையை நீட்டினார். அதில் இரண்டு கிளிகள், இதோ பறந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தன.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தை, எனக்காகவா இத்தனை நாள் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதும்மா. உள்ள உட்கார்ந்து தைச்சது உங்க மாமா. வெளிய தெரிஞ்சா வெட்கமாம்."

மாமனார் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்போ நீங்க தினமும் எங்க போனீங்க, அத்தை?"

மாமியார் கைப்பையிலிருந்து புத்தம்புது டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினார்.

"நாளையிலேருந்து நீ பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். நானே கார்ல கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிட்டு வரேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. விட்டுப்போன மூணு மாசத்தையும் பேசித் தீர்த்துடலாம்!"