யாமினியின் மஞ்சள்

மனைவி எஸ்தரின் ஆறாத கால்புண்ணுக்காகத்தான் அமலதாஸ் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைச் செய்யத் தொடங்கினான். தோலுக்கடியில் நீலமாக மினுங்கியபடி அவை ஊரில் எத்தனையோ பேரின் புண்களை ஆற்றின. எஸ்தரிடம் மட்டும் பலிக்கவில்லை. கடைசியில், அவன் வேலைபார்த்த ஆய்வகத்திலேயே எதிர் மேசைக்காரியான யாமினி செய்த சீரியம் ஆக்சைடு துகள்கள்தான் அந்தப் புண்ணை மூடின.

அவற்றின் நிறம் மஞ்சள். விளக்கை அணைத்தால் எஸ்தரின் பாதம் மஞ்சளாக ஒளிரும். அமலதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், ரத்தம் எடுத்துத் தானே சோதித்தான். யாமினியின் துகள்களால் ஈரல் கெட்டிருக்கிறதா, செல்கள் சிதைகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

"ஏங்க, முகம் இப்படி வாடிப்போச்சு? ஏதாவது கோளாறா?" என்று பயந்துபோய்க் கேட்டாள் எஸ்தர்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எனக்கு ஏதாவது இருக்கணும்னுதான் தேடுனீங்களா?"

அமலதாஸ் அவசரமாகச் சோதனைத் தாள்களை மடித்து வைத்தான்.

எஸ்தர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். "எஸ்தர், நில்லும்மா!" என்று கத்திக்கொண்டே அமலதாஸ் பின்னால் ஓடினான். இத்தனை வருடமாக அவளைக் கைத்தாங்கலாக நடத்திச் சென்றவனால், இப்போது அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை.