ஃபேமிலிக்கு மட்டும்

“வனஜா, நீ என் பக்கத்துல உக்காரு. பசங்க ஆளுக்கொரு பக்கம் உக்காரட்டும்.” சந்திரன் இதைச் சொன்ன சத்தத்தில் தியேட்டரின் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்துச் சீட்டில் இருந்த லட்சுமம்மாவுக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

கவினும் சிந்துவும் மறுபேச்சில்லாமல் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார்ந்தார்கள். ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் இப்படிச் சொன்ன பேச்சு கேட்பது இந்தக் காலத்தில் அதிசயம்தான்.

லட்சுமம்மா, பெங்களூர் காக்ஸ் டவுனில் இவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரர். கேட்டில் ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டியிருப்பவர். வீடு கேட்டு வந்தவர் தனி ஆள் என்று தெரிந்தால், ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரெண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை. போன வாரம், “என் குக்கர்ல கருவாடு செய்யாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்று வனஜா போட்ட சத்தம் கீழ்வீடுவரை கேட்டுவிட்டது. பதிலுக்குச் சந்திரன் கதவை அறைந்து சாத்தியதும் கேட்டுவிட்டது. லட்சுமம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து, கன்னடம் கலந்த தன் தமிழில் ஆரம்பித்தார்.

“ஏனம்மா, டைவர்ஸா? ஃபேமிலி உடைஞ்சா மிச்சம் இருக்கறது பேச்சுலர்தானே? என் வீட்டுல பேச்சுலர் கிடையாது. அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியுது, காலி பண்ணுங்க.”

வக்கீல்கள் அவரிடம் பாடம் படிக்கலாம். பெங்களூரில் இன்னொரு வீடு தேடுவது நால்வராலும் ஆகிற காரியமில்லை. ஒற்றுமையை நிரூபிக்க ஒரு வழிதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

படத்தைத் தேர்ந்தெடுத்தவன் கவின். டிக்கெட் கிடைத்தது என்பதைத் தவிர அந்தப் படத்துக்கு வேறு தகுதி கிடையாது. நாலு உளவாளிகள், ஆளுக்கொரு அபூர்வ சக்தி. ஒரு சின்ன ஊரில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று வேஷம் போட்டுக் குடியேறுகிறார்கள். பிறகு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு பிரிகிறார்கள், உலகம் அழியப் போவதால் வேறு வழியில்லாமல் மறுபடி சேர்கிறார்கள். பறக்கத் தெரிந்த அண்ணன் எதற்காக ஏர்போர்ட்டில் வரிசையில் நின்றான் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

இடைவேளையில் லட்சுமம்மா பொறுமை இழந்தார். “சும்னே ரீல் விடறான். பத்து வருஷம் பொய்யா குடும்பம் நடத்துவாங்களாம், பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாதாம்! அவனுக்குக் கண்ணு இல்லையா? நானா இருந்தா மூணே நாள்ல புடிச்சிருப்பேன்.”

“நீங்க புடிச்சிருப்பீங்க ஆன்ட்டி,” என்றான் கவின், பக்தியோடு.

“பின்ன? உங்க கதவுல தெனம் நாலு பால் பாக்கெட், நாலு தனித்தனிப் பையில தொங்குது. ஒரே வீட்டுக்கு எதுக்குப்பா நாலு பை? நான் எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருக்கேன்.”

“ஆளுக்கொரு டேஸ்ட் ஆன்ட்டி,” என்றாள் சிந்து அவசரமாக. “அப்பாவுக்குத் தண்ணியா இருக்கணும், எனக்குக் கெட்டியா இருக்கணும்.”

“வனஜா, பிள்ளைங்களுக்கு ரொம்ப செல்லம் குடுக்கற,” என்று தீர்ப்பு வழங்கிவிட்டு லட்சுமம்மா இரண்டாவது பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

க்ளைமாக்ஸில் அம்மா வேஷக்காரி, எரிகிற பாலத்தின் மேல் நின்று பாசத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். குண்டு போட வந்தவர்கள்கூட அவள் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். இந்த அபத்தத்துக்குப் போய் சிந்து தேம்பித் தேம்பி அழுதாள். வனஜா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். லட்சுமம்மா அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் அவரும் கூடவே மாடியேறி வந்தார். ஹாலின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“சினிமாவெல்லாம் சரி. சந்திரன் அவரே, என் எதிர்ல பொண்டாட்டிகிட்ட சமாதானமா ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பதான் அக்ரிமென்ட்.”

சந்திரன் வனஜாவின் பக்கம் திரும்பி நின்றார். உலகத்தைக் காப்பாற்றுவது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

“வனஜா... தப்பு என்மேலதான். இனிமே உன் குக்கர தொட மாட்டேன்.” கொஞ்சம் தயங்கினார். “நீங்கள்லாம் இல்லாட்டி எனக்கு இது வீடாவே இருக்காது.”

கடைசியில் சொன்னதை அவரே எதிர்பார்க்கவில்லை. கவின் தலையைக் குனிந்துகொண்டான்.

“பரவால்ல, விடுங்க,” என்றாள் வனஜா மெதுவாக. அதை அவள் உண்மையாகவே சொன்னாள்.

லட்சுமம்மா உருகிவிட்டார். “நோடி, பாருங்க, இதான் ஃபேமிலி! அந்த சினிமாக்காரன் இங்க வந்து கத்துக்கணும். இன்னும் ஒரு வருஷம் நிம்மதியா இருங்க.” கண்ணைத் துடைத்தபடி படியிறங்கிப் போனார்.

கவின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். மேஜைமேல் சார்ஜில் கிடந்த சந்திரனின் போன் அடித்தது. வனஜா எட்டிப் பார்த்தாள்.

“சந்திரன் சார், ஆம்பூர்லேருந்து உங்க சம்சாரம். பசங்களா, பழக்கதோஷத்துல யாரும் அப்பான்னு கூப்பிட்டுடாதீங்க!”