பட்டியலில் முதல் பெயர்

எந்த மாதம் என்று சரியாக நினைவில்லை. முகத்துவாரக்குப்பத்தின் நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் மீனவர் அட்டை கிடையாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

“மீனவரே இல்லாத மீனவர் குப்பமா?” மீன்வளத்துறை அதிகாரி சிரித்தார்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கரோலின், அதற்குள் எழுதியிருந்த விதியைத் திறந்து பார்த்தாள். “குடும்பப் பட்டியல்ல முதல் பேரோட தொழிலை மட்டும்தான் பார்க்குது சார். ரேஷன் கார்டுல முதல் பேரு வீட்டுப் பொம்பளை. எல்லாப் பேரையும் பார்க்கச் சொல்றேன்.”

திரையில் நாற்பது குடும்பங்கள் பச்சையாயின. சிலுவையம்மாள் மட்டும் சிவப்பு.

“ஒரே பேரு. தனிப் பொம்பளை. விட்டுடும்மா,” என்றார் அதிகாரி.

வாசலில் நின்ற சிலுவையம்மாள் கிளிஞ்சல் கீறிய கைகளை நீட்டினாள். “ஆத்துல எறா புடிக்கிறது நான்தான் நைனா. உன் மிஷினு என்னை இன்னான்னு போட்டுகினு கீது?”

தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றிருந்தது. பெண்கள் எல்லோருக்கும் அது தானாகவே விழுந்திருந்தது.

கரோலின் அதை அழித்துவிட்டு, ஒவ்வொருத்தியிடமும் தொழிலைக் கேட்டு எழுதினாள்.

நாற்பத்தொரு வீட்டுக்கும் அட்டை வந்தது. பதினேழு வீடுகளில் பெண்ணுக்கும் சேர்த்து இரண்டிரண்டு.