அம்மா சொன்ன கடல்

"கடைசியாக் கேக்கிறேன் சுல்மா. இந்த வரியெல்லாம் எங்கேருந்து எடுத்தே?"

"கீழேயே எழுதியிருக்கேனே டீச்சர். அம்மா போன்ல சொன்னது."

எர்லிந்தா டீச்சர் சுரங்கத் தொழிலாளர் சங்க நூலகத்துப் புத்தகத்தைப் பிரித்து மேஜைமேல் போட்டாள். 'கடல் தூங்குவதே இல்லை. விளக்கை அணைத்த பிறகும் யாரோ மூட்டை இழுக்கிற மாதிரி சத்தம் வந்துகொண்டே இருக்கும்.' சுல்மாவின் கட்டுரையிலும் அதேதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

என்றோ சிலியிடம் போரில் பறிகொடுத்த கடலை நினைத்து பொலிவியாப் பிள்ளைகள் மார்ச் மாதம் கட்டுரை எழுதுவார்கள். இந்த வருஷம் முதல் பரிசு பெறும் கட்டுரையை ஊர்ச் சதுக்கத்தில் மைக்கில் வாசிப்பார்கள். எழுதிய பிள்ளையை எல்லை தாண்டி அரிகாவுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவார்கள். சுல்மாவின் அம்மா பிழைக்கப் போன ஊர் அது.

"உங்கம்மா என்ன, புத்தகத்தைப் பார்த்தா போன்ல படிக்கிறா? அடுத்தவர் எழுத்தை எடுக்கிறது தப்பில்லைடி. எடுத்தேன்னு சொல்லாததுதான் திருட்டு. புத்தகத்துப் பேரைக் கீழே எழுது, நீதான் அரிகா போறே. இல்லேன்னா சைபர்."

"அம்மா சொன்னதுதான் டீச்சர்."

"கழுதைகூட இவ்வளவு முரண்டு பண்ணாது. போய் வெளியே நில்லு."

டீச்சர் வரச் சொல்லியனுப்பியிருந்த அவள் அப்பா காசியானோ ஷிப்ட் முடிந்து நேரே வந்தான். பூட்ஸெல்லாம் சேறு. கன்னத்தில் களைப்புத் தெரியாமலிருக்க அடக்கிய கோக்கா இலை. புத்தகத்தைப் பார்த்ததும் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அவ திருடல டீச்சரம்மா. நான்தான்."

"நீயா?"

"அவ ஆத்தா போன் பண்ணி ரெண்டு வருஷமாச்சு. நம்பரும் இல்ல. 'நீ தூங்கினப்புறம் பேசினா'ன்னு இவகிட்ட சொல்லிட்டுத் திரியுறேன். என்ன சொன்னா, கடல் எப்படியிருக்குன்னு உயிரை எடுப்பா. நான் கண்டதெல்லாம் சுரங்கத்துல தேங்குற தண்ணிதான். அதான் இதைப் படிச்சு, மனப்பாடம் பண்ணி..." இலையை மென்றான். "அவளுக்குத் தெரிய வேணாம் டீச்சரம்மா. தினம் அந்தப் பேச்சைக் கேட்டுட்டுத்தான் தூங்குறா."

எர்லிந்தா புத்தகத்தை மூடினாள். எழுந்து வெளியே வந்தாள். புத்தகத்தின் பேர் இல்லாமல் கட்டுரையை அனுப்ப முடியாது. பேரை எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அம்மாவும் இல்லாமல் போவாள்.

சுவரோரம் நின்ற சுல்மா, அப்பா காதில் விழாத தூரத்துக்கு டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"சைபரே போடுங்க டீச்சர். புத்தகத்துப் பேரை மைக்கில வாசிச்சா, அவர் அதை ஹெல்மெட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சதை நான் எப்பவோ பார்த்துட்டேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் ராத்திரி அம்மா பேச மாட்டாங்க."