எந்த இடம் பிழை?

யன்னல்களைச் சாக்கால் மறைத்த குருநகர் மண்டபத்தில் மண்ணெண்ணெய் மணக்க ஜெனரேற்றர் இரைகிறது. இன்று பெயர்பெற்ற ஓர் இயக்குநர் பத்து வருடங்களுக்கு முன் கைக்காசில் எடுத்த, ஒரு கள்ளனைப் பற்றிய படம் வீடியோவில் முடியப்போகிறது. திருடிய சங்கிலியைத் தோணியில் திருப்பி வைத்துவிட்டுக் கள்ளன் விடியும் கடலைப் பார்த்து நிற்கிறான். கமெரா அசையாமல் அவன் முதுகையே பார்க்கிறது. ஒருவரும் இருமவில்லை. அடைக்கலநாதன் மாஸ்ரர் கதிரை நுனிக்கு வருகிறார். படம் முதலில் திரையிட்ட அன்று கடைசி பஸ்ஸுக்காக இடைவேளையோடு எழும்பிப் போனவர், "முடிவு சப்பென்றிருக்கிறது" என்று பத்திரிகையில் எழுதியவர், இந்த முடிவை இப்போதுதான் பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும் லூர்த்தம்மா, இந்தப் படத்தின் கமெராக்காரனுடைய விதவை, மெல்லக் குனிகிறாள். "நீங்கள் எழுதினதுக்குப் பிறகு அவர் கமெராவைத் தொடேல்லை, மாஸ்ரர். சாகுமட்டும் என்னட்டை இதைத்தான் கேட்டவர். உந்த முடிவிலை எந்த இடம் பிழை?" அவள் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.