சுண்டுவிரல் கொப்புளம்

"எங்க, கையைக் காட்டு" என்றார் அப்பா.

இடது கையை நீட்டினேன்.

"கையுறை போடுற கையில என்னடி இருக்கு? அந்தக் கை."

கோல்ஃப் மைதானத்தின் கார் நிறுத்துமிடம். டிக்கியைத் திறந்துவைத்து அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். இளையோர் அணிக்கான தேர்வுப் போட்டி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்பாதான் எனக்குப் பயிற்சியாளர், பை தூக்குகிறவர், ஓட்டுநர், சிறை அதிகாரி எல்லாம்.

வலது கையை மூடியபடியே நீட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சுண்டுவிரலை மோதிரவிரலிடமிருந்து விலக்கியதும் அவர் கை நின்றுவிட்டது.

சுண்டுவிரலின் உள்பக்கம், அடியில், நீர் கோத்த கொப்புளம்.

மாட்டிக்கொண்டேன்.

அப்பா சொல்லிக்கொடுத்த மட்டைப் பிடியில் வலது சுண்டுவிரல் இடது கையின் மேல் சும்மா சாய்ந்து கிடக்கும். உள்பக்கம் எதிலும் உரசாது. அங்கே கொப்புளம் வர வேண்டுமென்றால், அந்த விரலை இடது ஆள்காட்டி விரலோடு கொக்கி போலக் கோத்துப் பிடித்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்து அப்படிப் பிடிக்கிறவர் ஒருவர்தான். ஊரின் மறுகோடியில் பயிற்சிப் பள்ளி நடத்தும் என் அம்மா.

அம்மா பிரிந்து போன பிறகு எங்கள் வீட்டில் அவளைப் பற்றிய பேச்சே கிடையாது. அவளுடைய பிடியைப் பற்றி மட்டும் அப்பா பேசுவார். நோஞ்சான் பிடி என்பார். "அதை உன் கையில பார்த்தேன், மட்டையை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்று ஒருமுறை சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர்.

அவர் பிடியை வைத்துக்கொண்டுதான் போன தேர்விலும் அதற்கு முந்தின தேர்விலும் மண்ணைக் கவ்வினேன். ஓங்கும்போதே மட்டை கைக்குள் திரும்பிவிடும். இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையெல்லாம் கொப்புளம், தளர்த்திப் பிடித்தால் பந்து புதருக்குள். "உனக்குப் பயிற்சி பத்தல" என்று இருட்டும்வரை அடிக்கவைப்பார். கை பழுத்ததுதான் மிச்சம்.

அதனால்தான் சனிக்கிழமைகளில் தோழி வீட்டுக்குப் படிக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனேன். இது தானே கண்டுபிடித்த பிடி என்று அவள் பெருமையாகச் சொன்னாள். மட்டை அங்கேதான் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டது. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இன்று தேறாவிட்டால் இனி எந்த அணியும் இல்லை.

"சனிக்கிழமையெல்லாம் நல்லாத்தான் படிச்சிருக்க" என்றார்.

கார் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. டிக்கியைச் சாத்திவிட்டு என்னை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் திட்டுவார். திட்டட்டும். பதிலுக்குச் சொல்ல நானும் நிறையவே சேர்த்துவைத்திருந்தேன்.

அவர் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்.

டேப் நன்றாக ஒட்டுவதற்காக ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் விரலைச் சுற்றித் துடைத்தார். வேண்டுமென்றே அழுத்தினார். சுரீரென்றது. நான் மூச்சு விடவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவருக்குத் தருவதாக இல்லை.

கொப்புளத்தை உடைக்கவில்லை. மெல்லிய துணியை நறுக்கி அதன்மேல் வைத்தார். டேப்பை மடிப்பு விழாமல், ஓரம் உரசுகிற பக்கம் வராமல் சுற்றினார். இவ்வளவு கோபத்திலும் கை நடுங்காத மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முடிந்தது என்று கையை இழுத்தேன். அவர் விடவில்லை. இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒட்டினார்.

அங்கே ஒன்றுமில்லை. சிவக்கக்கூட இல்லை. நேற்றிலிருந்து லேசாகக் காந்துகிறது, அவ்வளவுதான். அதை அம்மாவிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

"அங்க எதுக்கு?"

"அடுத்தது அங்கதான் வரும்." டேப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். "உங்கம்மாவுக்கு நான் இந்தப் பிடியைச் சொல்லிக்குடுத்தப்போ அவளுக்கும் அப்படித்தான் வந்துச்சு. சின்னக் கைக்கு இதுதான் சரிப்படும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது விரலில் இருந்த எரிச்சல் மொத்தமும் தலைக்கு ஏறியது.

"அப்போ எனக்கு ஏன் சொல்லிக்குடுக்கல?"

கத்தரிக்கோலைத் துடைத்தார். பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அப்பா மட்டைப் பையை எடுக்கக் குனிந்தார். நான் முந்திக்கொண்டு அதை என் தோளில் மாட்டினேன். கனமாகத்தான் இருந்தது. அவர் என் பின்னால் ஓரடி எடுத்துவைத்தார்.

"நீங்க வர வேணாம்" என்றேன். நின்றுவிட்டார்.

நடந்துகொண்டே இடது கையில் கையுறையை மாட்டினேன். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது. கடையில் இருப்பதிலேயே சின்ன அளவு. நான் மட்டையைத் தொட்ட நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்பாதான் அளவு பார்த்து வாங்கிவருகிறார்.